மோட்டார் சுவிட்ச் அவரிடமே இருக்கட்டும்: எங்கள் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் செயற்குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும்,

வணக்கம். மீட்டர் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பொதுக்குழு அறிவிப்பைப் படித்தேன். இந்த வில்லிவாக்கம் குடியிருப்பில் பதினேழு வருஷமாக இருப்பவள் நான். இரண்டாம் மாடியில் ஜாக்கெட் தைப்பவள் என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடனே தெரியும். இதை வாட்ஸ்அப் குழுவிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன தீபாவளி வெடிச் சண்டைக்குப் பிறகு அட்மின்கள் மட்டும்தான் எழுதலாம் என்று அதைப் பூட்டிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

அறிவிப்பில் நான்காவது தீர்மானம், கீழ்த்தொட்டி மோட்டாருக்குத் தானியங்கிக் கருவி பொருத்துவது. ஐந்தாவது, மோட்டார் அறைக்கு எதிரே இருக்கும் சிமென்ட் பெஞ்சை இடித்துவிட்டு டூவீலர் நிறுத்த இடம் எடுப்பது. ஆறாவது, மாடிப்படிக்குக் கீழே 'தனிநபர் ஒருவர்' வைத்திருக்கும் சாமான்களை அப்புறப்படுத்துவது. மூன்றிலும் பெயர் இல்லை. ஆனால் மூன்றும் யாரைச் சுற்றி வருகின்றன என்பது 24 வீட்டுக்கும் தெரியும். முதல் மாடி ஐ.சி.எஃப். சார்.

இப்படி எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "எழுதும்மா. ஆனா ஐயோ பாவம்னு மட்டும் எழுதாத" என்றார். முடிந்தவரை பார்க்கிறேன்.

உங்களில் பாதிப் பேர் 2022-க்குப் பிறகு குடிவந்தவர்கள். ஜன்னலைத் திறக்காத, மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற மனிதராகத்தான் அவரை முதலில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் அவர் இங்கே எப்படி இருந்தார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்-இல் ஃபர்னிஷிங் பிரிவில் எலக்ட்ரீஷியன். 2018 மே மாதம் ரிட்டயர் ஆனார். அதே வருஷம் அக்டோபரில் டிரெயின் 18 அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. இன்றைக்கு வந்தே பாரத் என்று ஓடுகிறதே, அதன் முதல் வண்டி. "அஞ்சே மாசத்துல கையைவிட்டுப் போச்சு" என்று மனிதர் எல்லோரிடமும் புலம்புவார். "நீங்க இல்லாமலும் ரயில் ஓடுதுல்ல, வந்து வெங்காயத்தை உரிங்க" என்பார் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. அக்காவின் குரல் மூன்று மாடிக்கும் கேட்கும். காலையில் "மோட்டார் போட்டாச்சா" என்று அவர் வாட்ச்மேனைக் கேட்கிற சத்தத்தில்தான் பாதி வீடுகள் எழுந்திருக்கும்.

2021 மே மாதம் அக்காவுக்குக் கொரோனா வந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான மாதம் அது. ஆக்சிஜன் இறங்கி, எங்கெங்கோ சுற்றி, ஒரு வழியாகப் படுக்கை கிடைத்தது. ரெம்டெசிவிர் வாங்கி வரச் சொன்னார்கள். அரசாங்கம் அந்த ஊசியைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் கவுன்ட்டர் வைத்து விற்றுக்கொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் ஜனங்கள் ரோட்டிலேயே வரிசையில் படுத்துக் கிடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் இவர் இரண்டு ராத்திரி நின்றார். மூன்றாம் நாள் ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது அக்கா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு போகும். வருகிறவர்கள் எல்லோரும் "எப்படி ஆச்சு" என்று ஒன்றையே கேட்பார்கள். தெரிந்தவர்களும் கேட்பார்கள், தெரியாதவர்களும் கேட்பார்கள். வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்லுவார். பதினாறாம் நாள் வருவதற்குள் அதை ஒரு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார், சொல்லச் சொல்ல அவருக்கே அது கொஞ்சம் பழகியிருக்கும். இவரை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உடலைச் சுற்றிக் கட்டி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கூட மூன்று பேர். அவருக்கும் பாசிட்டிவ், வாசலில் மாநகராட்சி ஸ்டிக்கர். புனேயில் இருக்கும் மகளால் வர முடியவில்லை. ஒரு நாள் நான் இட்லியை ஒரு தூக்கில் போட்டு வாசற்படியில் வைத்தேன். பெல்லை அடித்துவிட்டு ஓடி வந்தேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஆனாலும் அந்த ஓடி வந்தது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஊரடங்கு முடிந்தது, ஸ்டிக்கர் கிழிந்தது, நாமெல்லாம் வெளியே வந்தோம். அவர் வரவில்லை. வாசலில் தொங்கும் பையில் ஆவின் பாக்கெட் உப்பிக்கொண்டு கிடக்கும். குப்பை வெளியே வராது. பராமரிப்புக் கட்டணம் ஏழு மாசம் பாக்கி விழுந்தது. மகள் வந்து ஒரு மாசம் இருந்து, புனேவுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனாள். 2022-இல் அன்றைய செயற்குழு அவர் கதவில் 'துர்நாற்றம்' நோட்டீஸ் ஒட்டியது. அந்தப் புகாரில் பதினொரு கையெழுத்து. ஒன்பதாவது என்னுடையது. அப்போது கூட்டத்தில் ஒருத்தர் "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டிய ஆளை எல்லாம் வீட்டுல வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார், நாலு பேர் சிரித்தோம். அப்படிச் சொன்னவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அப்புறம் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை. மறுநாள் விடிந்தபோது தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர், சாக்கடையும் சேர்ந்து. கரன்ட் இல்லை, டவர் இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் மேலே ஏறினார்கள். தரைத்தளத்துப் பாட்டிக்கு முட்டி தேய்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். மகனும் மருமகளும் பேரனும் மூன்றாம் மாடியில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாட்டி ஒரு மாடி ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முதல் மாடியில் மற்ற வீடுகளில் எல்லாம் ஏற்கெனவே ஆள்.

பாட்டி அவர் கதவை உள்ளங்கையால் தட்டினார். பெல் அடிக்கக் கரன்ட் ஏது.

"தம்பி, இதுக்கு மேல என்னால ஏற முடியாது. உன் வீட்டுலதான் படுக்கணும். கதவைத் தொற."

உள்ளிருந்து சத்தமே இல்லை. நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். "தொறப்பியா, இல்ல இந்த ஈரத்துலயே கெடக்கட்டுமா?" என்றார் பாட்டி. கெஞ்சலே இல்லை அந்தக் குரலில், கொஞ்சம் கோபம்தான் இருந்தது. தாழ்ப்பாள் விலகியது.

எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, வெளிய வாங்க என்று இரண்டரை வருஷமாக நாங்கள் இரண்டு மூன்று பேர் அவ்வப்போது கதவைத் தட்டியிருக்கிறோம். திறக்கவே இல்லை. அவரைக் காப்பாற்றப் போனவர்களுக்குத் திறக்காத கதவு, தனக்கு இடம் வேண்டும் என்று வந்தவளுக்குத் திறந்தது. இதை நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை. பின்னால் மெதுவாகத்தான் புரிந்தது. இந்த மடலே அதைச் சொல்லத்தான்.

அன்று சாயங்காலம், கெட்டுப்போவதற்குள் எதையாவது எடுத்துச் சமைக்கலாம் என்று பாட்டி அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தார். நான் டார்ச் அடித்தேன். பால் இல்லை, காய் இல்லை. கதவுத் தட்டில் சின்ன அட்டைப் பெட்டி இரண்டு, மேலே மருந்துச் சீட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. "இது என்னப்பா மருந்து?" என்றார் பாட்டி.

அவர் சொன்னார். பாட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. காய்ச்சல் எந்தக் கிழமை வந்தது, ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன சொன்னார், வரிசையில் முன்னால் நின்ற பையன் கொடுத்த பிஸ்கட், டோக்கன் நம்பர். பாட்டி குறுக்கே குறுக்கே "ம்", "அப்புறம்" என்றார். நடுவில் கஞ்சி வைத்தோம். நான் பத்தரை மணிக்கு மேலே வந்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கும் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. அந்த மூன்று நாளில் அவர் அதை எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. பாட்டிக்குக் காது மந்தம் என்பதால் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் மோட்டார் பிரச்சினை. அறையோடு சேர்ந்து மூழ்கியிருந்தது. ரீவைண்டிங் கடைகளில் ஊர் மோட்டார் எல்லாம் குவிந்து கிடந்தன. பத்து நாள் ஆகும் என்றார்கள், விலையும் இஷ்டத்துக்கு. பாட்டி நேராக அவரிடம் போய், "நீ ரயிலுக்கே கரன்ட் குடுத்தவனாமே, இதைப் பாரு" என்றார். கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் காயவைத்தார். கரன்ட் வந்தபின் ஒரு நூறு வாட் குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டு, சாக்கால் மூடி, ஒரு ராத்திரி முழுக்க வைண்டிங்கைக் காயவிட்டார். பேரிங் மாற்றி, கெப்பாசிட்டர் மாற்றி, மெகர் என்கிற மீட்டர் வைத்துப் பார்த்து, "ஈரம் போயிடுச்சு" என்றார். சுவிட்சைப் போட்டதும் அது உறுமிய உறுமலுக்கு நாங்கள் கைதட்டினோம். அவர் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை, தாடி மறைத்துவிட்டது.

இதோடு கதை சுபம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. பொங்கலுக்குள் மறுபடி கதவு மூடிக்கொண்டது, ஜன்னலும். ஒரு மழையில் மனிதர் தேறிவிட்டார் என்று நாங்கள் ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போனதும் ஒரு காரணம். அந்த ஜனவரியில்தான் போய்விடலாம் என்று நினைப்பு வந்ததாக அவர் பின்னால் சொன்னார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. இதையும் எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார்.

பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது. மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பர் மாசம் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் கொடுக்கவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது. மகள் புனேயிலிருந்து எனக்குப் போன் பண்ணினாள். ஜீவன் பிரமாண் என்கிற அந்தச் சான்றைப் போனிலேயே முகத்தைக் காட்டி வாங்கும் வசதி 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. எனக்கு அதெல்லாம் வராது. பாட்டியின் பேரன் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான், அவன் செய்கிறேன் என்றான்.

வீட்டுக்குள் வைத்து மூன்று தடவை எடுத்தான். மூன்றும் தோல்வி. வெளிச்சம் போதவில்லை. "தாத்தா, கீழ வாங்க, அந்த பெஞ்சுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். புங்க மரத்தடியில், இப்போது நீங்கள் இடிக்கப்போகிற அதே பெஞ்சில் உட்காரவைத்தான். போன் அவர் முகத்தைப் பச்சை வட்டத்துக்குள் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டச் சொன்னது. ஆள் உயிரோடு இருக்கிறாரா, போட்டோவைக் காட்டுகிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படிக் கேட்கிறதாம்.

"சிமிட்டுங்க தாத்தா."

அவர் விழித்துக்கொண்டே இருந்தார்.

"தாத்தா, சிமிட்டினாத்தான் நீங்க உசுரோட இருக்கீங்கன்னு அது நம்பும்."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதில் கண் தானாகச் சிமிட்டியது. சான்று வந்துவிட்டது. பையன் குதித்தான். அவர் எழுந்து போகவில்லை, இருட்டும்வரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். அந்த மாசக் கடைசியில் பென்ஷன் பாக்கியோடு வந்தது, நம் சங்கத்துப் பாக்கியையும் மொத்தமாகக் கட்டினார். பொருளாளர் நோட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடியில் அப்போது ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருந்த பெண் இரண்டு வேலை செய்தாள். முதலாவது, ரெம்டெசிவிர் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததை அவரிடம் எடுத்துச் சொன்னாள். "ஒரு நாள் முந்தி வந்திருந்தாலும் அக்கா பொழைச்சிருப்பாங்கன்னு யாரும் சொல்ல முடியாது அங்கிள்." இவ்வளவு நாள் இதைச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் இல்லை. இரண்டாவது, டாக்டரைப் பார்க்க வைத்தாள். ஐ.சி.டி. 11 என்று நோய்களுக்கு உலக அளவில் ஒரு பட்டியல் இருக்கிறதாம், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாசக்கணக்கில் ஆளை முடக்கிப்போடும் துக்கத்துக்கும் அதில் இடம் உண்டு என்றாள். துக்கம் எல்லோருக்கும் வருவது, ஆனால் இப்படி நிலைத்துவிட்டால் சிகிச்சை வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னாள்.

எங்கே போவது என்று பேச்சு வந்தபோது அவரே, "அதான் என்னை ஏற்கெனவே கீழ்ப்பாக்கம்னு முடிவு பண்ணிட்டாங்களே, அங்கயே போய்ப் பார்ப்போம்" என்றார். என் வீட்டுக்காரர்தான் ஆட்டோவில் கூட்டிப் போனார். 1794-இல் ஆரம்பித்த மனநல ஆஸ்பத்திரி. நம் ஊர்க்காரர்கள் அதன் பேரை வசவாக மட்டுமே வைத்திருக்கிறோம். ஓ.பி-யில் சீட்டுப் போட்டு, காத்திருந்து, டாக்டரிடம் பேசி, மாத்திரை வாங்கி வந்தார்கள், அவ்வளவுதான். வேலை செய்ய மூன்று நாலு வாரம் பிடிக்கும், நடுவில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றும் போய் வருகிறார். கூட யாரும் போவதில்லை, தனியாகவே போகிறார்.

மோட்டார் அவர் கைக்கு எப்படி வந்தது என்பது உங்களுக்கே தெரியும். 2024 மார்ச்சில் செலவைக் குறைக்க வாட்ச்மேனை நிறுத்தினோம். மறுநாள் காலையில் தண்ணீர் இல்லை. "நீதான் போடணும். வேற யாருக்குத் தெரியும்" என்றார் பாட்டி. யாரும் தீர்மானம் போடவில்லை. மோட்டார் அறைச் சாவி அவர் வீட்டு ஆணிக்குப் போய்விட்டது.

ஒரு நாள் காலை ஐந்தே காலுக்குக் கீழே இறங்கி வந்து பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் போய்விட மாட்டார். உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல. சூடு, அதிர்வு எல்லாம் கையிலேயே தெரியுமாம். தண்ணீர் ஏறுகிற சத்தம் மாறுவது அவருக்குக் கேட்கும், எனக்கு இதுவரை கேட்டதில்லை. பிறகு டேங்க் மட்டம் பார்க்க மொட்டை மாடிக்குப் போவார். பேரனும் கூடப் போவான், படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. சென்ட்ரலில் 5.50-க்குக் கிளம்பும் மைசூரு வந்தே பாரத் ஆறு மணி வாக்கில் நம் பக்கம் கடக்கும். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்ப்பார்கள்.

"எஞ்சின் எங்க தாத்தா?" என்று அவன் முதல் நாள் கேட்டானாம்.

"தனியா எஞ்சினே கெடையாதுடா. மோட்டாரெல்லாம் பெட்டிக்கு அடியில பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கு. ஒண்ணு நின்னாலும் மத்தது இழுத்துக்கிட்டுப் போகும்."

அவன் இப்போது ஒன்பதாவது. ஐ.சி.எஃப்-இல் அப்ரென்டிஸ் சேருவேன் என்று திரிகிறான். அவன் அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை, அது வேறு கதை.

இனி உங்கள் தரப்புக்கு வருகிறேன். டேங்க் இரண்டு தடவை நிரம்பி வழிந்தது உண்மை. ஒன்று மே மாசம் அக்கா திதி அன்று. மறந்துவிட்டார். அன்றைக்குச் சாவியை நான் வாங்கி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது ஆடி மாசம். அதில் அவர்மேல்தான் தப்பு, பெஞ்சில் சீட்டாட்டம் மும்முரம். ஜன்னலைக்கூடத் திறக்காமல் கிடந்த மனிதர் சீட்டாட்டத்தில் மெய்மறந்து தண்ணீரை வழியவிட்டிருக்கிறார். செயலாளர் இதைப் புகாராக எழுதிவைத்திருக்கிறார். எனக்கென்னவோ அன்றைக்குப் பாயசம் வைக்கலாம் போல இருந்தது. வழிந்தது அரை டேங்க் தண்ணீர். 2019 கோடையில் லாரிக்குக் குடத்தோடு நின்றவள்தான் நான், தண்ணீரின் அருமை தெரியாமல் பேசவில்லை.

பெஞ்சை எடுத்தால் எத்தனை வண்டி நிற்கும் என்று டேப் வைத்து அளந்து பார்த்தேன். மூன்று. அந்தப் பெஞ்சில் சாயங்காலம் ஆறு பேர் உட்காருகிறார்கள். ஹவுஸ் சர்ஜன் பெண் ஒரு தடவை சொன்னாள்: ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்கிற மனநல டாக்டர் 2006-இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வேதனையில் இருப்பவர்களோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசவைத்தாராம். 'நட்பு பெஞ்சு' என்று பெயர். அதனால் மனச்சோர்வு குறைகிறது என்று 2016-இல் ஆய்வே வந்ததாம். அந்த ஊர் மொழியில் இந்த நோய்க்கே 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்றுதான் பேராம். நம் பாட்டியும் அவரை "யோசனை புடிச்சுக் கெடந்தான்" என்றுதான் சொல்லுவார். பாட்டிக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனால் பெஞ்சு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பத்து வருஷம் முன்னால் சங்கப் பணத்தில் கட்டியது.

மாடிப்படிச் சாமான் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். அவரிடமும் சொல்லிவிட்டேன். மீட்டர் பாக்ஸுக்குப் பக்கத்தில் பழைய வயரும் தின்னர் பாட்டிலும் இருக்கக் கூடாது. ஆனால் அந்த மேஜையில்தான் நம் மிக்ஸிகளும் அயர்ன் பாக்ஸ்களும் சரியாகின்றன. என் தையல் மெஷின் மோட்டாரையே இரண்டு தடவை பார்த்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அப்புறப்படுத்துவது என்பதை மோட்டார் அறைக்கு மாற்றிக்கொடுப்பது என்று திருத்துங்கள். அங்கே ஒரு பக்கச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

செயற்குழுவில் ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதாகக் கேள்விப்பட்ட இன்னொரு காரணமும் உண்டு. அப்படிப்பட்ட ஆள் கையில் பொறுப்பைக் கொடுத்து, நாளைக்கு ஏதாவது செய்துகொண்டால் போலீஸ் கேஸாகிச் சங்கத்தின் தலையில் விடியும் என்றாராம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. முன்பு அதைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அதனால் போலீஸ் பயம் வேண்டாம். உண்மையாகவே கவலை இருந்தால் அறிவிப்புப் பலகையில் 104, 14416 என்ற இரண்டு எண்களை எழுதி வையுங்கள். இரண்டிலும் மனநல ஆலோசனை கிடைக்கும், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். இந்த 24 வீட்டில் அவருக்கு மட்டும்தான் அது தேவைப்படும் என்று நினைக்காதீர்கள். 2020-இல் வேலை போய் என் வீட்டுக்காரர் நாலு மாசம் இருந்த இருப்பு எனக்குத் தெரியும்.

தானியங்கிக் கருவிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அது வேலை செய்யாது என்று நான் சொல்லவே இல்லை. நன்றாக வேலை செய்யும். யாரும் ஐந்தே காலுக்கு எழுந்திருக்க வேண்டாம், மொட்டை மாடி ஏற வேண்டாம், யாரையும் எதற்கும் கேட்க வேண்டாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் ஊரில் இல்லாத நாளுக்கு வேண்டும் என்றால் வாங்கிவிடுங்கள். ஆனால் பொருத்துவதற்கு வெளியாளைக் கூப்பிடாதீர்கள். அவரே அரை நாளில் பொருத்துவார். மற்ற நாளில் சாவி அந்த ஆணியிலேயே தொங்கட்டும்.

எழுதி முடித்துப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். நம் மோட்டாரை நான் ஒன்றரை ஹெச்.பி. என்று எழுதியிருந்தேனாம். "ஒரு ஹெச்.பி.தான்மா. தெரியாததை எழுதாத" என்றார். அந்த வரியையே எடுத்துவிட்டேன்.

பொதுக்குழுவை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த நேரம் அவர் மொட்டை மாடியில் இருப்பார், டேங்க் நிரம்ப ஆறே முக்கால் ஆகும். ஏழு மணிக்கு மாற்றுங்கள். பாட்டியும் வருகிறாராம், பிளாஸ்டிக் நாற்காலி வழுக்குகிறது என்கிறார். கூட்டத்தை அந்தப் பெஞ்சுப் பக்கமே போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி தையல்காரம்மா